பெருவழிகள் யாருக்கு வளம் சேர்க்கின்றன?

(சொற்பொழிவு)



தமிழில் ‘ஆறு’ என்னும் சொல் இருபொருள் தருவது. நீர் செல்லும் நெறியும் ஆறு. மாந்தர் செல்லும் நெறியும் ஆறு. வறுமையால் வாடிய பாணனையும் கூத்தனையும் வள்ளல் வாழும் ஊருக்கு வழிப்படுத்திய நூல்கள் ஆற்றுப்படை எனப் பெயர் பெற்றது இதனால்தான். ஒரே சொல்லால் இரண்டையும் குறித்த பழந்தமிழர் ஓர் உண்மையைச் சொல்லாமற் சொல்லி வைத்தனர். ஆற்றுக்கு வாய்க்காலும் மதகும் கரையும் இருந்தால் அது வயலை வாழ்விக்கும். அவை இல்லையானால் அதே ஆறு மேட்டு மண்ணை அரித்துக் கடலிற் கொண்டுபோய்க் கொட்டும். மாந்தர் செல்லும் ஆறும் அத்தகையதே. பெருவழி ஒன்று வந்துவிட்டாலே வளம் வந்துவிடும் என்பது பாதி உண்மை. அவ்வழியே வளம் வரவும் கூடும். இருந்த வளம் வெளியேறவும் கூடும். எது நேரும் என்பதை எவை முடிவு செய்கின்றன என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

வழியமைத்தல் தமிழர்க்குப் புதியதன்று. உப்பேற்றிய வண்டிகளோடு உமணர் உள்நாடு சென்றதைக் கழக நூல்கள் பேசுகின்றன. கோவைக்கு அருகே பாலைக்காட்டுக் கணவாயை நோக்கிச் செல்லும் வழியில் இராசகேசரிப் பெருவழியைக் குறிக்கும் சோழர் கல்வெட்டு உள்ளது. தருமபுரிப் பகுதியில் அதியமான் பெருவழியின் தொலைவுக் கற்கள் கிடைத்துள்ளன. அவற்றில் காதக் கணக்கு எழுத்தால் பொறிக்கப்பட்டதோடு, எழுத்தறியா வழிப்போக்கனும் அறியுமாறு குழிகளாலும் காட்டப்பட்டுள்ளது. வழியைப் பயன்படுத்தும் எளியவனை எண்ணிப் பார்த்து அமைத்த வழி அது. முதற் குலோத்துங்கன் சுங்கம் தவிர்த்த சோழன் எனப் பெயர் பெற்றதையும் இங்கு எண்ண வேண்டும். வழி இருந்தால் மட்டும் போதாது; அவ்வழியிற் செல்வதற்கு என்ன கொடுக்க வேண்டியுள்ளது என்பதும் வாணிகத்தின் உயிர்நிலை என்பதை அன்றைய அரசு அறிந்திருந்தது.

மாநிலம் தானே வெட்டிய கால்வாய்

பெருவழியால் ஒரு வட்டாரம் ஓங்கியதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டு அமெரிக்காவின் ஈரிக் கால்வாய். நியூயார்க்கு மாநிலத்தின் அட்சன் ஆற்றையும் மேற்கே உள்ள ஈரி ஏரியையும் இணைக்க 363 கல் நீளத்துக்கு ஒரு கால்வாய் வெட்ட வேண்டும் என்று எண்ணினர். நடுவண் அரசின் உதவி கிடைக்கவில்லை. உள்நாட்டு வழிகளுக்குப் பணம் ஒதுக்கும் சட்டவரைவை 1817-இல் குடியரசுத் தலைவர் மேடிசன் மறுத்துவிட்டார். மாநில ஆளுநர் தெவிட்டு கிளிண்டன் தளரவில்லை. மாநிலமே கடன் வாங்கியது, மாநிலமே வெட்டியது. 1817-இல் தொடங்கிய பணி 1825-இல் முடிந்தது.

அதற்குமுன் பஃபலோவிலிருந்து நியூயார்க்குக்கு ஒரு டன் சரக்கைத் தரைவழியே கொண்டுவர ஏறத்தாழ 100 டாலர் ஆயிற்று. கால்வாய் வந்தபின் அது 10 டாலர் அளவுக்கு இறங்கியது. மேற்குப் பகுதியின் கோதுமை கிழக்குக்கு வந்தது. கிழக்கின் ஆக்கப் பொருள்கள் மேற்குக்குச் சென்றன. வழியெங்கும் நகரங்கள் எழுந்தன. நியூயார்க்கு அந்நாட்டின் தலைத் துறைமுகம் ஆயிற்று. வழித்தீர்வை வருவாயாலேயே கடன் அடைந்தது. 1882-இல் தீர்வையே நீக்கப்பட்டது.

இவ்வெற்றியின் அடிப்படை யாது? வழியை வேண்டியவரும், அதற்கு முதலிட்டவரும், அதன் கட்டணத்தை முடிவு செய்தவரும், வருவாயைப் பெற்றவரும் அம்மாநில மக்களே. வழியின் இருமுனைகளிலும் விற்பதற்குப் பொருளும் வாங்குவதற்கு ஆளும் இருந்தனர். ஆயினும் அக்கால்வாயால் இழந்தோர் ஒருவரும் இலர் என்று கொள்ளற்க. மேற்கின் மலிவான கோதுமையோடு போட்டியிட முடியாமல் கிழக்கின் கரட்டு நிலத்து உழவர் பலர் வேளாண்மையைக் கைவிட்டனர். எத்துணை நல்ல வழியாயினும் அதனாற் பெறுவோரும் இருப்பர்; இழப்போரும் இருப்பர்.

தமிழகத்துக்கு வந்த இருப்புப்பாதை

இனித் தமிழகத்துக்கு வருவோம் எனில், 1856-ஆம் ஆண்டு சூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாசா வரை முதல் தொடர்வண்டி ஓடியது. தென்னாட்டின் முதல் இருப்புப்பாதை அது. 1862-இல் அப்பாதை சேலம், ஈரோடு, போத்தனூர் வழியாக மேலைக் கடற்கரைப் பேப்பூர் வரை எட்டியது. 1861-62-இல் மற்றொரு கும்பணி நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சை வழியாகத் திருச்சிராப்பள்ளிக்குப் பாதை அமைத்தது. 1876-இல் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குப் பாதை சென்றது. இருபதே ஆண்டுகளில் தமிழகத்தின் தலையாய ஊர்கள் இரும்பால் இணைக்கப்பட்டன. பொறியியல் நோக்கில் இஃது அருஞ்செயல். அதை மறுப்பது அறமன்று.

ஆயின் இப்பாதைகளின் முனைகளைப் பாருங்கள். இராயபுரம், பேப்பூர், நாகப்பட்டினம், தூத்துக்குடி ஆகிய எல்லாம் கடற்றுறைகள். உள்நாட்டுச் சந்தைகளை ஒன்றோடொன்று பிணைப்பதினும், உள்நாட்டைக் கப்பலோடு பிணைப்பதே முதல் நோக்கமாயிற்று. பருத்தியும் தோலும் பின்னர் நிலக்கடலையும் துறைநோக்கிச் சென்றன. இங்கிலாந்தின் ஆலைத்துணி உள்நோக்கி வந்தது. கைத்தறியாளர்க்கு அதுகாறும் ஒருவகை அரணாய் இருந்தது வண்டிச் செலவு. தொலைவே அவர்தம் கோட்டை. இருப்புப்பாதை அக்கோட்டையை உடைத்தது. துறையில் இறங்கிய துணி உள்நாட்டுச் சந்தைக்குச் சில நாள்களிற் சென்று சேர்ந்தது.

முதலீட்டு முறையும் எண்ணத்தக்கது. இலண்டனில் பங்கு வாங்கியோர்க்கு நூற்றுக்கு ஐந்து வட்டியை அரசே உறுதி செய்தது. நிலத்தையும் விலையின்றிக் கொடுத்தது. வண்டி ஓட்டத்தால் அவ்வட்டிக்குப் போதிய வருவாய் வாராவிடின், குறையை நாட்டின் பொதுவருவாயிலிருந்து ஈடு செய்தனர். அன்றைய பொதுவருவாயின் பெரும்பகுதி எங்கிருந்து வந்தது? உழவன் கட்டிய நிலவரியிலிருந்து! ஆக, வண்டியில் ஒருநாளும் ஏறியறியாத உழவனும் அவ்வண்டிக்கு வரி கட்டினான். இழப்பு வந்தாலும் வட்டி உறுதி என்னும்போது செலவைச் சுருக்க எவர் முனைவர்? ஊதியம் ஓரிடத்தும் இடர் மற்றோரிடத்துமாகப் பிரிந்துவிட்டால், சிக்கனம் என்பது இரண்டிடத்தும் இராது.

கட்டணமும் அவ்வாறே. உள்ளூர்த் தொழிலகத்துக்குச் செல்லும் சரக்கினும் துறைமுகத்துக்குச் செல்லும் மூலப்பொருளுக்குக் குறைந்த கட்டணம் என்னும் நிலை நீண்டகாலம் இருந்தது. 1916-18-இல் அமைந்த தொழில் ஆணைக்குழுவே இக்குறையைச் சுட்டியது. பாதை எங்குச் செல்கிறது என்பதோடு, அதில் எப்பொருளுக்கு என்ன கட்டணம் என்பதும் ஒரு நாட்டின் தொழிலை ஆக்கும் அல்லது அழிக்கும்.

பஞ்சமும் பாதையும்

1876 முதல் 1878 வரை தென்னாட்டைப் பெரும்பஞ்சம் வாட்டியது. அன்றைய சென்னை மாநிலத்தில் மட்டும் 30 இலக்கத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இருப்புப்பாதை இருந்தும் இச்சாவு ஏன் நேர்ந்தது? பாதை கூலத்தைக் கொண்டுவந்தது உண்மை. ஆயின் கூலம் பசித்தவனை நாடிச் செல்வதில்லை. விலை கொடுப்பவனை நாடியே செல்கிறது. மழை பெய்த ஊரிலும் விலை ஏறியது. வேலையற்ற கூலியாளிடம் காசு இல்லை. சரக்கு நிலையத்தில் மூட்டைகள் அடுக்கியிருக்க, அடுத்த தெருவில் மக்கள் மடிந்தனர். நாட்டிலிருந்து கூலம் கப்பலேறியதும் நிற்கவில்லை.

அக்காலத்தில் சர் ஆர்தர் காட்டன் என்னும் ஆங்கிலப் பொறியாளர் ஒரு கருத்தை இடைவிடாது வலியுறுத்தி வந்தார். கொள்ளிடத்து மேலணையைக் கட்டியவர் அவர். கோதாவரி அணையையும் கட்டியவர். இருப்புப்பாதைக்குக் கொட்டும் பணத்தைக் கால்வாய்க்குச் செலவிட்டால், ஒரே செலவில் பாசனமும் போக்குவரத்தும் கிடைக்கும் என்பது அவர் கொள்கை. விரைவு வேண்டாத பெருஞ்சரக்குக்கு நீர்வழியே மலிவு என்றார். 1878-இல் இங்கிலாந்துப் பாராளுமன்றத் தேர்வுக்குழு முன்பும் இதை வாதிட்டார். அவர் சொற்கள் எடுபடவில்லை.

காட்டன் கூற்று முழுவதும் சரியென்றும் சொல்லற்கில்லை. கருநூல்–கடப்பைக் கால்வாயை வெட்டிய கும்பணி பெரும் இழப்புக்குள்ளாகி, 1882-இல் அரசே அதை ஏற்க நேர்ந்தது. ஆண்டிற் சில திங்களே நீரோடும் ஆறுகளை நம்பிக் கப்பல் விட முடியாது. ஆயினும் அவர் எழுப்பிய வினா இன்றும் உயிரோடிருக்கிறது. ஒரு பெருந்தொகை கையிலிருக்கும்போது, அதை எவ்வழியிற் செலவிட்டால் மிகுந்த மக்களுக்கு மிகுந்த பயன் என்பதே அவ்வினா. ஒரு திட்டம் நல்லதா என்று மட்டும் கேட்டால் போதாது. அதே பணத்தால் வேறு என்ன செய்திருக்கலாம் என்றும் கேட்க வேண்டும்.

அப்பஞ்ச காலத்திற் கூலிக்கு வேலை தருவதற்காகச் சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைத்து வெட்டப்பட்ட பகுதியோடு, முன்பே வடக்கிலும் தெற்கிலும் இருந்த கடலோரக் கால்வாய்கள் ஒருங்கிணைந்து பக்கிங்காம் கால்வாய் ஆயின. விறகும் உப்பும் நெல்லும் ஏற்றிய படகுகள் பல்லாண்டு அதிற் சென்றன. சாலையும் தொடர்வண்டியும் வளர வளர அதைப் பேணுவார் இலராயினர். புயல்கள் கரையை உடைத்தன. சாக்கடை நீர் நிறைந்தது. இறுதியிற் சென்னை நகருக்குள் பறக்கும் தொடர்வண்டியின் தூண்களை அக்கால்வாயின் வயிற்றிலேயே ஊன்றினர். ஒரு வழியின் மேல் மற்றொரு வழி! புதியது வரும்போது பழையதன் பயன் என்ன என்று கணக்கெடுக்காத பழக்கத்துக்கு அத்தூண்களே சான்று.

மூன்று துறைகளும் ஓர் உள்நாட்டு ஊரும்

இனி, நான்கு ஊர்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தல் நலம்.

முதலாவது நாகப்பட்டினம். சோழர் காலத்திலேயே கடல்கடந்த நாடுகளோடு உறவு கொண்ட பழந்துறை. 1861-இல் இருப்புப்பாதையின் முனையாயிற்று. தென்னிந்திய இருப்புப்பாதையின் பணிமனையும் அங்கே அமைந்தது. ஊரே அப்பணிமனையின் சங்கொலிக்கு எழுந்து, அதன் சங்கொலிக்கு உண்டு உறங்கியது. 1920-களில் பணிமனையைத் திருச்சிராப்பள்ளியை அடுத்த பொன்மலைக்கு மாற்ற முடிவு செய்தனர். ஆள்குறைப்பும் உடன் வந்தது. 1928-இல் தென்னிந்திய இருப்புப்பாதைத் தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தம் செய்தனர். சிந்தனைச் சிற்பி சிங்காரவேலர் அதன் முன்னணியில் நின்று சிறைப்பட்டார். வேலைநிறுத்தம் ஒடுக்கப்பட்டது, பணிமனை பொன்மலைக்குச் சென்றது. பொன்மலை வளர்ந்தது, நாகப்பட்டினம் நலிந்தது. அவ்வூரில் வாழ்ந்த எவரும் அம்முடிவை எடுக்கவில்லை. பாதையே ஊருக்குப் பிழைப்பைத் தந்தது. பாதையின் உரிமையாளரே அப்பிழைப்பைப் பெயர்த்துக் கொண்டு போயினர்.

இரண்டாவது தனுக்கோடி. 1914-ஆம் ஆண்டு பிப்பிரவரியிற் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றே மிகுந்த நீளம். கப்பல் வரும்போது நடுவே பிளந்து மேலெழும் அமைப்பு. சென்னையில் வண்டியேறியவர் தனுக்கோடியிற் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கி, மீண்டும் வண்டியேறிக் கொழும்பு சேர்ந்தனர். மணல்முனையாய் இருந்த இடத்தில் தொடர்வண்டி நிலையமும் அஞ்சலகமும் சுங்க அலுவலகமும் எழுந்தன. 1964-ஆம் ஆண்டு திசம்பர் 22-ஆம் நாளிரவு புயலும் கடலும் ஒருசேர எழுந்து அவ்வூரை அழித்தன. பயணிகளோடு வந்த வண்டியும் கடலுக்கு இரையாயிற்று. பாம்பன் பாலத்தை ஏறத்தாழ ஒன்றரைத் திங்களிற் செப்பம் செய்துவிட்டனர். தனுக்கோடியை மீட்டுக் கட்டவில்லை. அங்குக் கடந்து செல்வோர் இருந்தனர். தங்கி ஆக்கும் தொழில் மீன்பிடிப்பைத் தவிர வேறில்லை. கடப்பு நின்றதும் ஊரும் நின்றது. இறுதிவரை அங்கே உழைத்த மீனவக் குடிகளே அம்மணலில் மீண்டும் குடிசை கட்டினர்.

மூன்றாவது தூத்துக்குடி. 1914 வரை கொழும்புக்குச் செல்வோர் தூத்துக்குடி வழியே சென்றனர். பாம்பன் பாலம் வந்ததும் அப்போக்குவரத்து கைமாறியது. தனுக்கோடி பெற்றது தூத்துக்குடி இழந்ததே. ஆயினும் தூத்துக்குடி வீழவில்லை. ஏன்? அங்கே உப்பளம் இருந்தது, நூற்பாலை இருந்தது, பின்னிலத்துக் கரிசற் பருத்தி இருந்தது, கடல் வாணிகத்திற் பழகிய மக்கள் இருந்தனர். பயணியர் கப்பல் போனபின்னும் சரக்குக் கப்பல் வந்தது. 1974-இல் அது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. இவ்வூரின் வரலாற்றிலேயே கட்டணத்தின் வலிமைக்கும் சான்றுண்டு. 1906-இல் வ.உ. சிதம்பரனார் உள்நாட்டார் கப்பற் கும்பணியைத் தோற்றுவித்தபோது, வெள்ளையர் கும்பணி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே வந்து அவரை முறிக்க முயன்றது. 1908-இல் அவர் சிறைப்பட்டார். சில ஆண்டுகளிற் கும்பணி கலைந்தது. கடல் எல்லார்க்கும் பொது. கட்டணத்தைத் தாழ்த்திப் போட்டியாளரை வீழ்த்தும் ஆற்றல் எல்லார்க்கும் பொதுவன்று.

நான்காவது கோவை வட்டாரம். 1862-லேயே இருப்புப்பாதை போத்தனூரைத் தொட்டுவிட்டது. பாதையே போதுமெனின் அடுத்த பத்தாண்டில் ஆலைகள் நிறைந்திருக்க வேண்டும். முதல் நூற்பாலை தோன்றியதோ 1888-இல். ஆலைகள் பெருகியது 1930-களில். 1932-33-இல் நீலமலையின் பைக்காரா நீர்வீழ்ச்சியிலிருந்து மின்னாற்றல் இறங்கி வந்தது. கரிசல் மண்ணிற் பருத்தி விளைந்தது. உழவுக் குடியினர் தம் சேமிப்பையே ஆலைகளில் முதலாக இட்டனர். பொறி பழுதுபார்க்கத் தொடங்கிய கம்மியர் பொறியையே செய்யத் தொடங்கினர். 1920-இற் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பேருந்தோடு தொடங்கிய கோ. து. நாயுடு போன்றோர் இருப்புப்பாதை எட்டாத சிற்றூர்களையும் சாலையால் இணைத்தனர். அப்போதுதான் எழுபதாண்டுக்கு முன் வந்த பாதை முழுப்பயன் தந்தது. திருப்பூரின் பின்னலாடைத் தொழிலும் இவ்வடிப்படையில் எழுந்ததே.

இந்நான்கையும் ஒப்பிட்டால் உண்மை தானே விளங்கும். பாதை மட்டும் வந்த ஊர் பாதையோடு போயிற்று. மூலப்பொருளும், ஆற்றலும், தொழிலறிவும், உள்ளூர் முதலும் இருந்த ஊரிற் பாதை அவற்றைப் பன்மடங்காக்கியது. பாதை ஒரு பெருக்கல் எண் போன்றது. சுழியைப் பெருக்கினாற் சுழியே வரும்.

தென்மாவட்டங்களின் பின்தங்கலுக்கு மற்றொரு கரணியமும் சொல்லப்படும். தென்னிந்திய இருப்புப்பாதையினர் 1870-களில் தம் தடத்தைக் குறுகிய மீட்டர் பாதையாக்கினர். வடக்கிலும் மேற்கிலும் அகலப்பாதை. இரண்டும் சந்திக்கும் இடத்தில் மூட்டை மூட்டையாகச் சரக்கை இறக்கி ஏற்ற வேண்டும். காலமும் கூலியும் வீண். உடைவும் களவும் மிகுதி. சென்னை–மதுரைத் தடத்தை அகலமாக்கும் பணி 1990-களில்தான் பெருமளவில் நிறைவேறியது. நூறாண்டுக்கு மேற்பட்ட இச்சுமையை எந்தத் தொழிலகக் கணக்கேட்டிலும் தனி வரியாகக் காண முடியாது. ஆயினும் ஒவ்வொரு பொருளின் விலையிலும் அது கலந்திருந்தது.

உறிஞ்சுகுழல்

வழி சிறந்ததாக இருந்தும் சிற்றூர் இழப்பதுண்டா என்று ஐயுறுவோர் சப்பானைப் பார்க்கலாம். 1998-இல் ஆகாசிக் கடலிடுக்கின் மேல் 3,911 மீட்டர் நீளத் தொங்குபாலம் திறக்கப்பட்டது. அதனாற் சிக்கோக்குத் தீவின் தொகுசிமா மாவட்டம் அவாசித் தீவின் வழியாகக் கோபேயோடும் ஒசாகாவோடும் சாலையால் இணைந்தது. தொகுசிமாவின் காய்கறிகள் விரைந்து சந்தை சேர்ந்தன, உழவர்க்கு நன்மையே. ஆயின் தொகுசிமா மக்களும் பேருந்தேறிக் கோபேக்கும் ஒசாகாவுக்கும் சென்று பொருள் வாங்கத் தொடங்கினர். உள்ளூர் அங்காடித் தெருக்கள் மெலிந்தன. 2020-இல் அம்மாவட்டத்தின் எஞ்சிய ஒரே பேரங்காடியும் மூடப்பட்டது. இவ்விளைவைச் சப்பானியர் உறிஞ்சுகுழலுக்கு ஒப்பிடுகின்றனர். குழலின் ஒருமுனை குவளையில், மறுமுனை வாயில். குழல் எத்துணை நேர்த்தியாயினும் சாறு எப்பக்கம் செல்லும் என்பதை வாயே முடிவு செய்யும்.

பெருநகருக்கும் சிறுநகருக்கும் இடையே விரைவுவழி அமையும்போது, சிறுநகரில் தனக்கென ஒரு சிறப்பான ஆக்கப்பொருள் இருந்தால் அது பெருநகரை வெல்லும். எல்லா ஊரிலும் கிடைக்கும் பொருளையே அது விற்றுக் கொண்டிருந்தால் பெருநகர் அதை விழுங்கும்.

ஆய்வுகள் சொல்வன

எல்லா வழியும் சுரண்டலே என்று முடிவு கட்டுவது அறிவுடைமையன்று. அண்மைக் கால ஆய்வுகள் நடுநிலையோடு எண்ணத் தூண்டுகின்றன. தேவ் தொனால்டுசன் என்னும் பொருளியலறிஞர் ஆங்கிலர் காலத்து இருப்புப்பாதைகளை மாவட்டம் மாவட்டமாக ஆய்ந்து 2018-இல் வெளியிட்டார். பாதை வந்த மாவட்டத்தில் வேளாண்மையின் மெய்வருவாய் ஏறத்தாழ 16 விழுக்காடு உயர்ந்தது என்பது அவர் கண்டது. ஊருக்கு ஊர் இருந்த விலை வேறுபாடும் குறைந்தது. எனினும் மாவட்டத்தின் மொத்த வருவாய் உயர்ந்தது என்பதால், அம்மாவட்டத்துத் தறிகாரரும் கூலியாளும் உயர்ந்தனர் என்று ஆகாது. கூட்டுத்தொகை ஒன்று, பங்கீடு மற்றொன்று.

நாற்கரத் தங்கச் சாலைத் திட்டத்தை ஆய்ந்தோர், சாலையிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் அமைந்த மாவட்டங்களில் ஆலைத்தொழில் நன்கு வளர்ந்ததையும், அதற்கப்பால் அவ்வளர்ச்சி பெரிதும் தென்படாததையும் 2016-இல் எடுத்துக்காட்டினர். நாற்பது கல்லுக்கு அப்பாலுள்ள ஊருக்கும் இச்சாலை வாழ்வளிக்கும் என்னும் மேடைப்பேச்சை இவ்வாய்வோடு வைத்துப் பார்க்க வேண்டும். 2000-ஆம் ஆண்டு தொடங்கிய சிற்றூர்ச் சாலைத் திட்டத்தைப் பற்றி 2020-இல் வந்த ஆய்வும் உளங்கொளத்தக்கது. புதிய சாலை வந்தபின் சிற்றூர் மக்கள் உழவை விட்டு வெளிவேலைக்குச் செல்வது மிகுந்தது. ஆயின் ஊரின் வேளாண்மையோ வருவாயோ குறிப்பிடத்தக்க அளவு உயரவில்லை. சாலை மக்களுக்கு வெளியேறும் உரிமையைத் தந்தது. ஊருக்குள் வளத்தைக் கொண்டுவரவில்லை. பள்ளியும் மருத்துவமனையும் நீரும் கடனும் சந்தையும் சாலையோடு உடன் வரவேண்டும் என்பதே இதன் பொருள்.

நிலம் கொடுப்பவன் கேட்கும் வினா

2018-இல் சேலத்திலிருந்து சென்னைக்கு 277 கிலோமீட்டர் நீள எட்டுவழிச் சாலை அறிவிக்கப்பட்டது. வழியிலுள்ள உழவர் கிணற்றையும் தென்னையையும் நெல்வயலையும் இழக்க நேரும் என்று கிளர்ந்தெழுந்தனர். 2019 ஏப்பிரலிற் சென்னை உயர்நீதிமன்றம் நிலமெடுப்பைத் தள்ளியது. 2020 திசம்பரில் உச்சநீதிமன்றம் திட்டத்துக்கு வழிவிட்டது. வழக்கின் சட்ட நுணுக்கம் ஒருபுறம் இருக்க, அவ்வுழவர் எழுப்பிய வினா எளியது: “இச்சாலையிற் செல்பவன் சில மணி நேரம் மிச்சப்படுத்துகிறான். அவன் மிச்சப்படுத்தும் நேரத்துக்கு என் மூன்று தலைமுறையின் கிணறு விலையா?”

இவ்வினாவுக்கு விடை சொல்லாமல் ‘வளர்ச்சிக்குத் தடை’ என்று பழிப்பது முறையன்று. 2013-ஆம் ஆண்டின் நிலமெடுப்புச் சட்டம், நிலம் எடுப்பதற்குமுன் மக்கள் வாழ்வில் நேரும் தாக்கத்தை மதிப்பிட வேண்டும் என்றது. ஆயின் தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தின்கீழ் எடுக்கும் நிலத்துக்கு இழப்பீட்டு விதிகள் நீட்டிக்கப்பட்டன, அம்மதிப்பீடு கட்டாயமாகவில்லை. விலை மட்டும் பேசப்படுகிறது, வாழ்வு பேசப்படுவதில்லை. மேலும், சாலை வந்தபின் இருமருங்கிலும் நிலவிலை ஏறுகிறது. அவ்வேற்றம் எவர்க்குச் செல்கிறது? நிலத்தைக் கொடுத்தவனுக்கு அன்று. முன்கூட்டியே செய்தியறிந்து அடுத்த நிலத்தை வாங்கிப் போட்டவனுக்கு!

ஆகவே, எந்தப் பெருவழித் திட்டம் எவ்வரசால் அறிவிக்கப்பட்டாலும் மக்கள் ஐந்து வினாக்களை எழுப்புதல் வேண்டும்.

ஒன்று: இவ்வழியாற் செல்லவிருக்கும் சரக்கு எது? உள்ளூரில் ஆக்கிய பொருளா, உள்ளூரிலிருந்து பெயர்த்தெடுத்த மூலப்பொருளா, வெறுமனே கடந்து செல்லும் பிறர் பொருளா?

இரண்டு: முதல் எவருடையது? இழப்பு வந்தால் எவர் தாங்குவர்? ஊதியம் வந்தால் எவர் பெறுவர்?

மூன்று: கட்டணத்தை முடிவு செய்வோர் யாவர்? அம்முடிவில் அவ்வட்டார மக்களுக்குக் குரல் உண்டா?

நான்கு: பெருவழியிலிருந்து சிற்றூர்க்குக் கிளைவழிகள் உள்ளனவா? ஏறவும் இறங்கவும் இடமில்லாத உயர்சாலை, ஊரை இரண்டாக வெட்டும் மதில் ஆகும்.

ஐந்து: நிலத்தை இழப்போர் விலையோடு விடப்படுகின்றனரா, வழியின் வருவாயில் நிலையான பங்கு பெறுகின்றனரா?

இவ்வைந்துக்கும் நேரிய விடை கிடைக்குமாயின் அவ்வழியை இருகை நீட்டி வரவேற்க வேண்டும். விடை கிடைக்காவிடின், எத்துணை விழா எடுத்தாலும், எத்துணைக் கொடி அசைத்தாலும், அது அரிக்கும் ஆறே ஆகும்.

இளைஞர்களே! பொறியியல் கற்போர் உங்களுட் பலர். பாலத்தின் நீளத்தையும் தூணின் ஆழத்தையும் கணக்கிடக் கற்கின்றீர்கள். அக்கணக்கோடு மற்றொரு கணக்கையும் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு வழி அமைந்து இருபதாண்டு கழிந்தபின், அவ்வழியிலுள்ள ஊரிற் பிறந்த பிள்ளை அவ்வூரிலேயே வேலை பெற்று வாழ்கின்றானா, அல்லது அவ்வழியே வேலை தேடி வெளியேறிவிட்டானா என்று எண்ணிப் பாருங்கள். முன்னதாயின் அவ்வழி வெற்றி. பின்னதாயின் அவ்வழிக்கு இன்னும் வாய்க்கால் வெட்டப்படவில்லை என்று பொருள்.

கல்லணையைக் கட்டியவர் வெள்ளத்தை வெறுத்தவர் அல்லர். வெள்ளத்தை வயலுக்குத் திருப்பத் தெரிந்தவர். பெருவழிகளையும் அவ்வாறே வயலுக்கும் தறிக்கும் பட்டறைக்கும் திருப்பத் தெரிந்த மக்களே வாழ்வர். வழியைக் கேட்பதோடு நில்லாது, வழியின் மதகையும் தம் கையிற் கேட்கும் துணிவு தமிழ் மக்களுக்கு வேண்டும்.